எண் என்னும் பெயர்: நிலப்படமும் பதிவேடும் பிணைந்த வரலாறு

இந்தியக் கிராமம் ஒன்றின் வருவாய்த்துறை நிலப்படத்தில் உரிமையாளர் பெயர் எதுவும் இராது. கோடுகளும் அவற்றின் நடுவே எண்களும் மட்டுமே இருக்கும். அதே கிராமத்தின் உரிமைப் பதிவேட்டில் பெயர், பரப்பு, தீர்வை, பயிர் ஆகிய அனைத்தும் இருக்கும். நிலத்தின் வடிவம் இராது. நிலம் யாருடையது என்பதைப் படம் அறியாது. அது எங்கே உள்ளது என்பதைப் பதிவேடு அறியாது. இவ்விரண்டையும் பிணைப்பது ஓர் எண் மட்டுமே. வட இந்தியாவில் கசரா எண், வங்காளத்தில் தாக் எண், தெற்கிலும் மேற்கிலும் புல எண் என வழங்கும் அந்த எண் அழிந்தால், படம் வெறும் ஓவியமாகவும் பதிவேடு வெறும் பெயர்ப்பட்டியலாகவும் எஞ்சும்.

கடந்த முப்பதாண்டுகளில் நிலப்படங்கள் கணினி வரைவு மென்பொருள்களுக்கும், அங்கிருந்து புவித்தகவல் முறைமைக்கும், அதாவது ஜி.ஐ.எஸ்.ஸுக்கும் மாற்றப்பட்டன. இம்மாற்றத்தைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் கோடுகளின் துல்லியத்தையே பேசுகின்றன. கோடு ஓர் அடி விலகினால் அதைத் திரும்ப அளந்து திருத்திவிடலாம். கோட்டுக்கும் பதிவேட்டுக்கும் இடையிலான தொடுப்பு அறுந்தால், எந்த நிலத்தைத் திரும்ப அளப்பது என்பதே தெரியாமற் போகும். எனவே இம்மாற்றத்தின் வரலாற்றைத் தொடுப்பின் வரலாறாகவே படிப்பது பொருத்தமாகும்.

*கசராவும் சஜ்ராவும்*

நிலத்தை அளந்து பதிவு செய்யும் வழக்கம் காலனிய ஆட்சிக்கு மிகவும் முந்தியது. அக்பர் காலத்து நில அளவையில் கயிற்றுக்கு மாற்றாக இரும்பு வளையங்களால் பிணைத்த மூங்கில் கோல்கள் பயன்பட்டன. ஆனால் வயல்தோறும் எண்ணிட்ட படமும், அதே எண்ணை வரிசைப்படுத்திய பதிவேடும் ஒன்றையொன்று சுட்டும் இரட்டை ஏற்பாடு பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான்.

வடமேற்கு மாகாணங்களில் 1833ஆம் ஆண்டின் 9ஆவது ஒழுங்குமுறையின் கீழ், மெர்ட்டின்ஸ் பேர்டு மேற்பார்வையில் நடந்த தீர்வையேற்பாட்டில் வயற்படமும் வயற்பதிவேடும் பொதுவான நடைமுறை ஆயின. படம் சஜ்ரா எனப்பட்டது. பதிவேடு கசரா எனப்பட்டது. படத்தில் ஒரு வயலுக்கு இட்ட எண்ணே கசராவில் ஒரு வரியின் தலைப்பு. இதே காலத்தில், 1835இல், பம்பாய் மாகாணத்தின் இந்தாப்பூர் வட்டத்தில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் ஆகியோர் தொடங்கிய அளவை, நாளடைவில் பம்பாய் முறை எனப் பெயர்பெற்றது. 1847ஆம் ஆண்டின் கூட்டறிக்கை அதன் விதிகளை நிலைநிறுத்தியது.

பம்பாய் முறையில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அங்குப் புல எண் தொடக்கத்தில் உடைமையைக் குறிக்கவில்லை. ஓர் இணை மாடுகள் உழக்கூடிய பரப்பை ஒட்டி அது அமைந்தது. சிறு உடைமைகள் பல ஓர் எண்ணுக்குள் அடங்கின. ஆக, எண்ணுக்கும் உரிமையாளருக்கும் ஒன்றுக்கொன்று என்ற உறவு தொடக்கத்திலேயே இல்லை. ஒரு புலத்திற்குப் பல உரிமையாளர், ஓர் உரிமையாளருக்குப் பல புலங்கள் என்பதே இயல்பு. தரவுத்தளக் கல்வியில் இன்று பலவற்றுக்குப் பல என்று கற்பிக்கப்படும் உறவை அன்றைய எழுத்தர்கள் தனித்தனிப் பதிவேடுகளைக் கொண்டு கையாண்டனர்: புலத்தை ஒட்டி ஒன்று, உரிமையாளர் கணக்கை ஒட்டி மற்றொன்று.

நிலம் பிரியும்போது எண்ணும் பிரிந்தது. 45 என்பது 45/1, 45/2 ஆயிற்று. தாய் எண் பெயரின் முற்பகுதியாகத் தங்கியதால் பிரிவினையின் வரலாறே பெயருக்குள் பதிந்தது. பஞ்சாப், அரியானா பகுதிகளின் முரப்பா முறை வேறு வகையானது. அங்கு 25 கில்லாக்கள் கொண்ட சதுக்கம் ஒரு முரப்பா. ஒரு கில்லா என்பது 40க்கு 36 கரம் அளவுள்ள ஓர் ஏக்கர் துண்டு. முரப்பா எண்ணும் கில்லா எண்ணும் தெரிந்தால் நிலம் கட்டத்தில் எங்கே விழும் என்பது தெரிந்துவிடும். தமிழ் இலக்கண மரபின் சொற்களில் கூறுவதாயின், கசரா எண் இடுகுறிப்பெயர். கில்லா எண் காரணப்பெயர். இவ்வேறுபாடு பின்னர் வேறொரு வடிவில் திரும்பி வரும்.

மறு அளவை நிகழ்ந்தபோது எண்கள் மாறின. இங்குதான் பழைய நிருவாகத்தின் முதன்மையான கருவி வெளிப்படுகிறது. 1885ஆம் ஆண்டின் வங்காளக் குத்தகைச் சட்டத்தின் கீழ் எழுந்த சி.எஸ். பதிவேடுகளும், அவற்றைத் தொடர்ந்த ஆர்.எஸ். பதிவேடுகளும், விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தில் வந்த எல்.ஆர். பதிவேடுகளும் தத்தமக்குரிய தாக் எண்களைக் கொண்டவை. அங்கே இன்றும் கிரயப் பத்திரங்களில் ஆர்.எஸ். தாக் எண்ணும் அதற்கு நேரான எல்.ஆர். தாக் எண்ணும் அருகருகே எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டில் பழைய பைமாஷ் எண்ணையும் புதிய புல எண்ணையும் ஒப்பிடும் பட்டியல்கள் நீதிமன்றங்களில் சான்றாக முன்வைக்கப்படுவது உண்டு. எண் மாறலாம், பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்பதைக் கூறும் பட்டியல் இல்லாமல் மாறக்கூடாது. அம்மரபின் சாரம் இதுவே.

அம்மரபு குறையற்றதன்று. உரிமை மாற்றங்கள் பதிவேட்டில் ஏறின. படத்தில் புதுக்கோடு ஏறுவது பிந்தியது, அல்லது ஏறவே இல்லை. பட்வாரியிடம் இருந்த துணிப்படத்தில் மடிப்பு விழுந்த இடங்களில் எண்கள் தேய்ந்தன. பல கிராமங்களில் படத்துக்கும் பதிவேட்டுக்கும் இடையே எஞ்சிய தொடுப்பு அந்தப் பட்வாரியின் நினைவாற்றலே. கணினிக்கு முன்பே தொடங்கிய விரிசலைத்தான் கணினி மரபுரிமையாகப் பெற்றது.

*வரைகூறும் அதன் நிழலும்*

1963இல் ஐவன் சதர்லாந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையில் வரைவதற்கான முன்னோடி. அதே பத்தாண்டில் ரோஜர் டாம்லின்சன் முன்னெடுத்த கனடா புவித்தகவல் முறைமை, கோட்டுருவங்களை ஒரு தொகுப்பாகவும், நிலத்தைப் பற்றிய விவரங்களை வேறொரு தொகுப்பாகவும் சேமித்தது. சஜ்ராவும் கசராவும் போலவே உருவமும் விவரமும் பிரிந்து நின்றன. இப்பிரிவு நினைவகச் சிக்கனத்திற்கும் தேடும் வேகத்திற்கும் துணை செய்தது. தொடுப்பைக் காக்கும் பொறுப்பையும் அதுவே தோற்றுவித்தது.

வரைவு மென்பொருள்கள் வேறு மரபில் வளர்ந்தவை. அவற்றின் நோக்கம் தாளில் அழகாக அச்சாகும் படம். அங்கே ஒரு வயல் என்ற பொருளே கிடையாது. நான்கு கோடுகளும் நடுவே ஓர் எழுத்துருவும்தான் உண்டு. காண்பவர் மனம் அவற்றைச் சேர்த்து வயல் என்று வாசிக்கிறது. கணினிக்கு அந்த எழுத்துரு அக்கோடுகளுக்கு உரியது என்பது தெரியாது.

இக்குறையை நிறுவனங்கள் உணராமல் இல்லை. 1969இல் தொடங்கிப் பின்னர் இன்டர்கிராப் எனப் பெயர்பெற்ற நிறுவனம், வரைகூறு ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தொடுப்பை ஒட்டவைக்கும் வழியைத் தன் வரைவு முறையில் அமைத்தது. அதே கோப்பு வடிவைப் பின்பற்றிய மைக்ரோஸ்டேஷனில் இத்தொடுப்பு இரண்டு எண்களாலானது: எந்த அட்டவணை என்பதைக் கூறும் எண் ஒன்று, அவ்வட்டவணையில் எந்த வரி என்பதைக் கூறும் எம்.எஸ்.லிங்க் என்ற எண் மற்றொன்று. கோட்டின் மேல் சொடுக்கினால் தரவுத்தளத்தின் உரிய வரி திறக்கும். 1982இல் வெளிவந்த ஆட்டோகேடும், பின்வந்த பதிப்புகளில், வரைகூறோடு கூடுதல் தரவைப் பிணைக்கும் வழிகளைப் பெற்றது.

இவ்வேற்பாடுகள் அனைத்தும் தத்தம் மென்பொருளுக்குள் செம்மையாக இயங்கின. ஆனால் அவை பயனர் கண்ணுக்குப் புலப்படாதவை. படத்தை அச்சிட்டால் அவற்றின் சுவடு இராது. அன்றாட வரைவுச் செயல்களே அவற்றைக் குலைக்கவும் வல்லவை. ஒரு கோட்டை இரண்டாக வெட்டினால் இரு துண்டுகளும் ஒரே தொடுப்பைச் சுமக்கக்கூடும். ஒரு வடிவத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் இல்லாத நிலத்திற்கும் ஓர் உரிமையாளர் கிடைக்கலாம். ஆட்டோகேடில் பண்புகள் பொதிந்த தொகுதி ஒன்றை உடைத்தால், அதனுள் இருந்த மதிப்புகள் மறைந்து பண்பின் தலைப்பு மட்டுமே திரையில் நிற்கும்: 45/2 இருந்த இடத்தில் ‘புல எண்’ என்ற சொல் எஞ்சும். வரைகூறுகளுக்கு அம்மென்பொருள் தானே இடும் அடையாளக்குறியும் அந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஒரு படத்தை மற்றொன்றில் நுழைத்தால் புதுக்குறி பிறக்கும்.

*மாற்றத்தின் வாசலில்*

வரைவிலிருந்து புவித்தகவல் முறைமைக்கு மாறும்போது நிகழ்வது கோப்பின் வடிவமாற்றம் மட்டுமன்று; பொருளின் வகையே மாறுகிறது. கோடுகள் சேர்ந்து மூடிய பரப்பாக வேண்டும். இரண்டு வயல்களுக்குப் பொதுவான வரப்பு ஒரே கோடாக வேண்டும். விட்டுப்போன முனைகள் சேர வேண்டும். நீண்டு துருத்தியவை நறுக்கப்பட வேண்டும். நான்கு கோடுகள் ஒரு பரப்பாகும்போது, அந்நான்கு கோடுகளில் ஒட்டியிருந்த தொடுப்புகளில் எது பரப்புக்கு உரியது? இக்கேள்விக்கு மென்பொருளிடம் விடை இல்லை.

1982இல் வெளிவந்த ஆர்க்-இன்ஃபோவின் பெயரிலேயே இப்பிளவு அடங்கியிருந்தது. ஆர்க் என்பது வடிவத்தைக் கையாண்ட பகுதி. இன்ஃபோ என்பது வேறொரு நிறுவனத்திடமிருந்து பெற்ற தரவுத்தளம். அதில் ஒவ்வொரு பரப்புக்கும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று மென்பொருள் தன் உள்வேலைக்காகத் தானே இடுவது. மற்றது பயனர் இடுவது. கோடுகளைத் தூய்மைசெய்து பரப்புகளை மீளமைக்கும் ஒவ்வொரு முறையும் முதல் எண் மாறிவிடும். இரண்டாவது எண் தங்கும். மென்பொருளின் எண்ணை நம்பிப் பதிவேட்டைப் பிணைத்தவர்களின் தொடுப்பு அடுத்த தூய்மைசெய்தலோடு குலைந்தது. புல எண்ணைத் தாமே இட்டவர்களின் தொடுப்பு நிலைத்தது. இச்சிறு நுட்பத்திலேயே இவ்வரலாற்றின் முழுப் பாடமும் அடங்கியுள்ளது எனலாம்: காக்கப்பட வேண்டிய பெயரை, மாற்றத்தைச் செய்யும் கருவி இடக்கூடாது.

1990களில் பரவிய ஷேப்ஃபைல் வடிவம் இன்னும் மெல்லிய இழையில் தொங்கியது. அதில் வடிவங்கள் ஒரு கோப்பிலும் பண்புகள் டிபேஸ் வகைக் கோப்பு ஒன்றிலும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பிணைப்பது வரிசை மட்டுமே: ஏழாவது வடிவத்திற்கு உரியது ஏழாவது வரி. பண்புக்கோப்பை மட்டும் அட்டவணை மென்பொருளில் திறந்து அகரவரிசையில் அடுக்கிச் சேமித்தால் ஒவ்வொரு நிலமும் வேறொருவருடையதாகிவிடும். கோப்பு பழுதின்றித் திறக்கும். எச்சரிக்கை எதுவும் எழாது. அமைதியாக நிகழும் பிழையே ஆவணங்களுக்கு மிகவும் கொடியது.

எண்ணைப் பெயராகக் கருதாமல் தொகையாகக் கருதியதால் விளைந்த இடர்களும் உண்டு. 45/1 என்பதைச் சாய்கோடின்றிப் புள்ளியிட்டு எண்வகைப் புலத்தில் எழுதினால் 45.1 ஆகும், 45/10 என்பது 45.10 ஆகும். கணினிக்கு இரண்டும் ஒரே மதிப்பு. பத்தாவது உட்பிரிவின் உரிமையாளரும் முதலாவது உட்பிரிவின் உரிமையாளரும் ஒருவராகிவிடுவர். அட்டவணை மென்பொருள் 5/2 என்ற புல எண்ணைத் தேதியாக மாற்றிவிடுவதும் தரவு உள்ளிடுவோர் பலரும் அறிந்ததே. இலக்கங்களால் எழுதப்பட்டாலும் புல எண் கூட்டவோ கழிக்கவோ உரியதன்று. அது சொல்லுக்கு இணையான பெயர். இதை உணராத தரவுத்தள வடிவமைப்பு, தொடக்கத்திலேயே தொடுப்பை அறுத்துவிடுகிறது.

*இந்தியா தேர்ந்த வரிசை*

இந்தியாவில் கணினிமயமாக்கம் பதிவேட்டிலிருந்து தொடங்கியது. நிலப் பதிவுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசின் திட்டம் 1988-89இல் மொரேனா, வார்தா, மயூர்பஞ்ச், துங்கர்பூர் உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் முன்னோட்டமாக அமைந்தது. கர்நாடகத்தின் பூமி திட்டம் 2000ஆம் ஆண்டையொட்டி, சுமார் 67 லட்சம் உழவர்களின் 2 கோடிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. இவை பெருஞ்சாதனைகளே. ஆயினும் இவற்றில் ஏறியது எழுத்துப் பதிவேடு மட்டும். படம் வெளியே நின்றது. 2008இல் ஒப்புதல் பெற்று, இன்று டிஜிட்டல் இந்தியா நிலப் பதிவுகள் நவீனமயமாக்கல் திட்டம் என வழங்கும் திட்டம், படத்தையும் பதிவேட்டையும் ஒருங்கிணைப்பதை வெளிப்படையான இலக்காக ஏற்றது. தேசியத் தகவலியல் மையத்தின் பூ-நக்ஷா மென்பொருள் அப்பணிக்கு உரியது.

பதிவேடு முதலில், படம் பின்னர் என்ற இவ்வரிசைக்கு ஒரு விலை இருந்தது. கணினியில் ஏறிய பதிவேடு நாள்தோறும் திருத்தம் பெற்றது, உட்பிரிவுகள் பெருகின. பிந்தி வருடப்பட்டுக் கோடு கோடாகப் பின்வரையப்பட்ட படம், பழைய துணியிலோ தாளிலோ இருந்த நிலையையே காட்டியது. பதிவேட்டில் 45/1, 45/2, 45/3 என மூன்று பெயர்கள். படத்தில் 45 என்ற ஒற்றை வடிவம். இங்குத் தொடுப்பு மாற்றத்தின்போது அறுந்ததன்று. பிணைக்கப்படுவதற்கு மறுமுனையே இல்லாத நிலை.

பின்வரைதலில் வயல் எண் பெரும்பாலும் தனி எழுத்துருவாக, வயலின் நடுவே இடப்பட்டது. புவித்தகவல் முறைமைக்கு மாற்றும்போது, எந்தப் பரப்புக்குள் அந்த எழுத்துருவின் தொடக்கப்புள்ளி விழுகிறதோ அப்பரப்புக்கு அவ்வெண் சேர்க்கப்பட்டது. விரிந்த வயல்களுக்கு இம்முறை பொருந்தும். ஓடையோரத்துக் குறுகிய பட்டைகளிலும், ஊர்நத்தத்தை ஒட்டிய சிறு துண்டுகளிலும் எழுத்துரு உள்ளே அடங்காது. வரைவாளர் அதை அருகில் எழுதி ஓர் அம்புக்குறி இடுவார். மனிதக் கண்ணுக்கு அம்புக்குறி போதும். கணினி அந்த எண்ணை அண்டை வயலுக்கு வழங்கிவிடும். சிறு துண்டுகள் யாருடையவை என்பதை எண்ணினால், இப்பிழையின் சுமை யார்மேல் விழும் என்பது விளங்கும்.

தமிழ்நாட்டின் புல அளவைப் புத்தக மரபு இதற்கு மாற்றான ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கு ஒவ்வொரு புலத்திற்கும் தனி வரைபடமும், ஏணி எனப்படும் அளவுக் குறிப்பும் உண்டு. தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருளில் அவ்வளவுகளே எண்களாக உள்ளிடப்பட, அவற்றிலிருந்து படம் வரையப்படுகிறது. புல எண்ணின் பெயரில் திறக்கப்படும் பதிவிலிருந்தே வடிவம் பிறப்பதால், வடிவத்தைப் பெயரோடு பின்னர் தேடிப் பிணைக்கும் தேவை குறைகிறது.

*மீண்டும் ஒரு காரணப்பெயர்*

2021 முதல் மாநிலங்களில் அறிமுகமாகிவரும் பூ-ஆதார் என்னும் 14 இலக்கத் தனி நில அடையாள எண், நிலத்துண்டின் முனைகளுடைய அட்சரேகை, தீர்க்கரேகைகளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்படுவது. கில்லா எண் கட்டத்தைக் காரணமாகக் கொண்டது; இது புவிப்பரப்பையே காரணமாகக் கொண்டது. மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடும் எண்முறைகளுக்கு மேலே ஒரு பொதுப்பெயர் கிடைப்பது பெரும் பயனாகும். பத்திரப்பதிவு, வங்கி, வருவாய்த்துறை ஆகியவை ஒரே நிலத்தை ஒரே பெயரால் அழைக்க அது வழிசெய்யும்.

ஆனால் காரணப்பெயருக்கு ஓர் இயல்பு உண்டு. காரணம் மாறினால் பெயர் என்னாவது என்ற வினா எழும். மறு அளவையில் ஒரு முனை ஒரு மீட்டர் விலகியது எனக் கண்டால் எண்ணை மாற்றுவதா? மாற்றினால் பழைய எண்ணோடு பிணைந்த கடன் பத்திரமும் கிரயமும் அறுபடும். மாற்றாவிட்டால் அவ்வெண் இருப்பிடத்தைக் குறிப்பதை நிறுத்திவிட்டு மற்றொரு இடுகுறியாகிவிடும். இரண்டாவது வழியே நன்று எனலாம். எனினும் எவ்வழியைத் தேர்ந்தாலும் பழைய கசரா எண், உட்பிரிவு எண், புதிய எண் ஆகியவற்றைத் தேதியோடு அருகருகே வைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் இன்றியமையாதது. வங்காளத்துப் பத்திர எழுத்தர் இரண்டு தாக் எண்களைச் சேர்த்தெழுதும் வழக்கம் பழமைவாதமன்று. அதுவே தொடுப்பைக் காக்கும் எளிய தொழில்நுட்பம்.

இவ்வினாக்கள் நிபுணர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. 2019இல் தொடங்கிய பி.எம்.-கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6000 ரூபாய் உதவிக்கு நிலப் பதிவு அடிப்படையாகிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் வரும் அறிவிக்கைகளும் புல எண்களின் பட்டியல்களே. சாலைக்காகக் கையகப்படுத்தப்படும் நிலம் 45/1ஆ 45/10ஆ என்பதில் ஒருவரின் இழப்பீடும் மற்றொருவரின் வழக்கும் அடங்கியுள்ளன. இந்தியாவில் வருவாய்ப் பதிவு உரிமைக்கான அனுமானச் சான்றே அன்றி முடிந்த முடிபு அன்று என நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறிவந்துள்ளன. நடைமுறையில், திரையில் தோன்றும் வண்ணப்பரப்பை மறுக்கும் சுமை, அதை எழுப்பிய அலுவலகத்தைவிட உழவர் மேலேயே விழுகிறது.

ஆய்வு மாணவர்க்கும் இதில் பாடமுண்டு. பழைய கிராமப் படங்களைப் புவிநிலைப்படுத்தி ஆய்வோர் பலர், கோடுகளைப் பலகோணங்களாக்கியதும் மென்பொருள் இட்ட வரிசை எண்ணையே அடையாளமாகக் கொண்டு விடுகின்றனர். படத்தில் அச்சாகியுள்ள எண்ணை உள்ளவாறே, எழுத்துவகைப் புலத்தில், படத்தின் ஆண்டோடு தனி நிரலில் எழுதுவதற்கு ஆகும் உழைப்பு சிறிது. அதைச் செய்யாதபோது, ஆவணக்காப்பகத்தில் உறங்கும் பதிவேட்டை அவ்வடிவங்களோடு சேர்க்கும் வாய்ப்பு அடுத்துவரும் ஆய்வாளருக்கு இல்லாமற் போகிறது. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுதல், பிணையாத வடிவங்களையும் வடிவம் கிட்டாத வரிகளையும் இரண்டு பட்டியல்களாக எடுத்தல், அப்பட்டியல்களை அழிக்காமல் தரவோடு சேர்த்தே வைத்தல் ஆகிய மூன்றும் தீர்வையேற்பாட்டு அலுவலகங்களின் பழைய ஒழுக்கத்திற்கு நிகரானவை.

துணியிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் நிலப்படம் இடம்பெயர்ந்துள்ளது. திரையிலிருந்து அது இன்னும் எங்கெங்கோ பெயரும். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் கோடுகளைச் சுமந்துசெல்லக் கருவிகள் எளிதிற் கிடைத்தன. பெயரைச் சுமந்துசெல்லும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் மனிதரிடமே இருந்தது, இனியும் இருக்கும்.